கையில் ஒரு பென்சிலோடு ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’

இந்தப் படத்தை நான் முதலில் பார்க்க உட்கார்ந்தது ஓர் இரவுப் பேருந்தில், கைபேசியில். கொஞ்ச நேரத்திலேயே திரை முழுக்க இருட்டாகிவிட்டது. யாரோ மெழுகுவத்தி கொளுத்துகிறார்கள், ஒரு மூக்கும் பாதிக் கன்னமும் தெரிகின்றன, அவ்வளவுதான். பேசுகிற ஆங்கிலமும் பிடிபடவில்லை. பிரதி சரியில்லை போல என்று மூடி வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். பிரதி நன்றாகத்தான் இருந்தது, நான் பார்த்த லட்சணம்தான் சரியில்லை என்று புரிய இரண்டு வருடம் பிடித்தது.

1940இல் வந்த படம். ஜான் ஃபோர்ட் இயக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில்தான் ஜான் ஸ்டைன்பெக்கின் நாவல் வெளிவந்தது, அந்த வருடம் முடிவதற்குள் படப்பிடிப்பையே முடித்துவிட்டார்கள். அமெரிக்கப் பெருமந்தக் காலத்தில், ஓக்லஹோமாவில் விளைச்சலில் நிலக்காரருக்குப் பங்கு கொடுத்து, வாரத்துக்கு உழுது பிழைத்துவந்த ஜோட் குடும்பம் நிலத்தை விட்டு விரட்டப்படுகிறது. தட்டுமுட்டுச் சாமான்களையும் தாத்தா பாட்டியையும் ஒரு பழைய லாரியில் ஏற்றிக்கொண்டு, பழம் பறிக்கும் கூலி வேலை தேடிக் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்புகிறார்கள். கதை இதுதான்.

இதைப் பார்க்கச் சொன்னவர்கள் எல்லாரும் கர்ச்சீப் எடுத்து வைத்துக்கொள் என்றார்கள். நான் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். இந்தப் படத்தில் பேச்சு திரும்பத் திரும்பக் காசில் வந்து நிற்கும். எத்தனை சென்ட், யார் கையிலிருந்து யார் கைக்கு, மிச்சம் என்ன. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால், பழைய படம், மெதுவான படம் என்கிற சலிப்பே வராது. அழுகை வந்தால் வரட்டும், அது தனிக் கணக்கு.

முதல் வேலை: பத்து நிமிடச் சரித்திரம்

படத்தைப் போடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குடும்பத்தை நிலத்திலிருந்து துரத்தியது எது?

புழுதிப் புயல் என்றுதான் பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. 1930களில் வறட்சியும் புழுதியும் அமெரிக்கச் சமவெளியைப் படாதபாடு படுத்தியது நிஜம்தான். ஆனால் அதன் உக்கிரம் ஓக்லஹோமாவின் மேற்குக் கோடியில், சட்டிக்குக் கைப்பிடி போல நீண்டிருக்கும் பகுதியில். ஜோட் குடும்பத்தின் ஊர் சாலிசா. அதுவோ கிழக்குக் கோடியில், ஆர்க்கன்சாஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஜனங்களை விரட்டியதில் பருத்தி விலைக்கும் கடனுக்கும் டிராக்டருக்கும்தான் பெரிய பங்கு. விலை சரிந்தது, கடன் ஏறியது, நிலம் வங்கிக்கும் கம்பெனிக்கும் போனது. 1933இல் வந்த விவசாயச் சட்டம், விலையைத் தூக்கி நிறுத்துவதற்காக, சாகுபடியைக் குறைத்துக்கொள்ளும் நிலக்காரர்களுக்குப் பணம் கொடுத்தது. நிலத்தைச் சும்மா போட்டால் சொந்தக்காரருக்கு வரவு. வாரத்துக்கு உழுபவனுக்கோ இருந்த வேலையும் போயிற்று. கையில் காசு புரண்ட நிலக்காரர் டிராக்டர் வாங்கினார்.

பட்டணத்துக்குப் போய்ப் பிழைக்கலாம் என்றால் அங்கேயும் வழியில்லை. 1933இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையில்லாமல் இருந்தார். அதனால்தான் எல்லாரும் மேற்கே பார்த்து வண்டி கட்டினார்கள். அப்படிப் போனவர்களுக்குக் கலிஃபோர்னியாக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஓக்கி’. டெக்ஸஸ்காரனும் ஆர்க்கன்சாஸ்காரனும்கூட அவர்கள் வாயில் ஓக்கிதான். 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் தலைவர் நூற்றுக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்களை மாநில எல்லைக்கே அனுப்பி, கையில் காசில்லாமல் வருபவர்களைத் திருப்பி அனுப்ப வைத்தார். தன் நாட்டுக்குள்ளேயே ஒருவன் எல்லைச் சோதனையில் பயந்து நிற்பதைப் படத்தில் பார்க்கும்போது இது நினைவிருக்கட்டும்.

இவ்வளவு போதும். இதற்கு மேல் படித்துவிட்டுப் போனால் படத்தில் பாடம் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

அறையை இருட்டாக்குங்கள்

ஒளிப்பதிவு கிரெக் டோலண்ட். அடுத்த வருடம் ‘சிட்டிசன் கேன்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்து பெயர் பெற்ற அதே ஆள். இந்தப் படத்தில் அவர் இருட்டை இருட்டாகவே விட்டிருக்கிறார். காலி வீட்டுக்குள் ஜோட் குடும்பத்துப் பிள்ளை டாமும், முன்னாள் பாதிரியார் கேசியும், நிலத்தைப் பறிகொடுத்த அக்கம்பக்கத்து விவசாயி மியூலியும் பேசும் காட்சி முழுவதும் ஒரு மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடப்பதாகவே தோன்றும். பகலில், ஜன்னல் திறந்திருக்கிற கூடத்தில் போட்டால் உங்கள் முகம்தான் திரையில் தெரியும். ராத்திரி பாருங்கள், விளக்கை அணையுங்கள். கைபேசி வேண்டவே வேண்டாம். நான் பட்டது போதும்.

இன்னொன்று. படச் சட்டகம் ஏறக்குறைய சதுரமாக இருக்கும். இப்போதைய டிவிகள் சில அதைத் தானாகவே அகலமாக இழுத்துவிடும். ஏற்கெனவே பசியில் ஒட்டிப்போன முகங்கள் எல்லாம் இழுத்த ரப்பர் மாதிரி உப்பித் தெரியும். அமைப்புகளில் போய் 4:3 என்று மாற்றிவிட்டு உட்காருங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், விழட்டும். படம் 2 மணி 9 நிமிடம்.

சப்டைட்டில் கட்டாயம்

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரும் சப்டைட்டில் போட்டுக்கொள்வது நல்லது. இவர்கள் பேசுவது ஓக்லஹோமா வட்டார வழக்கு. மூக்கால் இழுத்து, இலக்கணத்தைக் காலில் போட்டு மிதித்துப் பேசுவார்கள். நம்மூர்ப் படத்தின் வட்டாரப் பேச்சை வெளியூர்க்காரர் கேட்டு விழிப்பாரே, அதே நிலைமைதான் நமக்கு.

சப்டைட்டிலிலும் காலை வாரிவிடும் சொற்கள் உண்டு. மியூலி, ‘கேட்ஸ்’ வந்து எங்களை விரட்டிவிட்டன என்பார். பூனைகளா என்று நான் குழம்பினேன். கேட்டர்பில்லர் டிராக்டரைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார். நல்லவேளையாக டாமுக்கும் புரியாமல் அவனே திருப்பிக் கேட்பான். ‘ஹூவர்வில்’ என்று காதில் விழுந்தால், வேலையில்லாதவர்கள் தகரத்திலும் சாக்கிலும் போட்டுக்கொண்ட குடிசைப் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மந்தம் தொடங்கியபோது குடியரசுத் தலைவராக இருந்த ஹூவரின் பெயரை ஜனங்கள் கடுப்பில் அதற்கு வைத்துவிட்டார்கள். ‘டெபுடி’ என்பவர் ஷெரிஃபின் கீழே வேலை செய்யும் போலீஸ். அவர் சட்டத்துக்கு வேலை செய்கிறாரா, தோட்டக்காரருக்கு வேலை செய்கிறாரா என்பது நீங்கள் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

யார் யார்

லாரியில் ஏறுகிறவர்கள் குடும்பத்தில் பன்னிரண்டு பேர், அப்புறம் வழித்துணையாகக் கேசி. எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூன்று பேரைப் பிடித்துக்கொண்டால் போதும்.

டாம் ஜோட், மூத்த பிள்ளைகளில் ஒருவன். சண்டையில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஏழு வருடத் தண்டனையில் நான்கு வருடம் உள்ளே இருந்துவிட்டு நன்னடத்தையில் வெளியே வருகிறான். நடிப்பது ஹென்றி ஃபோண்டா. இந்த வேடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக அவர் ஸ்டூடியோவோடு ஏழு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. டாமுக்கு நாலு வருடத்தில் விடுதலை, அவருக்கு அதுவும் இல்லை!

அம்மா. படம் முழுக்க அவளுக்குப் பெயரே கிடையாது, அம்மாதான். ஜேன் டார்வெல் நடித்து ஆஸ்கர் வாங்கினார். இயக்கத்துக்காக ஃபோர்டுக்கும் ஓர் ஆஸ்கர். கேசி, பாதிரியாராக இருந்து நம்பிக்கை போய் அந்த வேலையை விட்டவர். ஜான் கேரடைன் நடித்தது. நெட்டையாக, தேங்காய்நார் மாதிரி முடியோடு வருவார். மற்றவர்கள் போகப் போகப் பழகிவிடுவார்கள். நோவா என்று ஓர் அண்ணன் உண்டு, பாதி வழியில் அவன் காணாமல் போய்விடுவான். எங்கே போனான் என்று ரிமோட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பித் தேடாதீர்கள். நாவலில் ஆற்றோரம் பிரிந்து போகிறான், படத்தில் அதைச் சொல்லாமலே விட்டுவிட்டார்கள்.

இப்போது பென்சிலை எடுங்கள்

தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: எதற்கு, எவ்வளவு, யாரிடமிருந்து யாருக்கு. ஒரு டாலருக்கு 100 சென்ட் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

முதலில் எழுதப்போவது டிராக்டர் ஓட்டுகிறவனின் கூலி. மியூலியின் வீட்டை இடிக்க வருகிறவன் வெளியூர்க்காரன் இல்லை, அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளை. எங்கள் ஆளே எங்களுக்கு எதிராக இதைச் செய்யலாமா என்று கேட்டால், ஒரு நாளைக்கு 3 டாலர், எனக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது என்கிறான். கையில் துப்பாக்கியோடு நிற்கும் மியூலி சுடவில்லை. அதற்கு முன் இன்னொரு காட்சி, காரில் வரும் கம்பெனி ஆளிடம் நடப்பது. என் மேல் தப்பில்லை, கம்பெனி சொல்கிறது என்கிறார் அவர். கம்பெனிக்கு வங்கி சொல்கிறது. வங்கி மேனேஜருக்கு எங்கோ கிழக்கிலிருந்து உத்தரவு வருகிறது, அந்த மனிதனே பைத்தியம் பிடிக்கிற நிலையில் இருக்கிறான். அப்படியானால் நாங்கள் யாரைத்தான் சுடுவது என்கிறார்கள் இவர்கள். தாளில் ‘யாரிடமிருந்து’ கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். அந்தக் கட்டம் கடைசி வரை நிரம்பாது.

அடுத்து, நோட்டீஸ். பழம் பறிக்க 800 பேர் தேவை என்று அச்சடித்த மஞ்சளித்த காகிதம் ஒன்றை இவர்கள் பத்திரமாக மடித்து வைத்திருப்பார்கள். வழியில் ஒரு முகாமில், கலிஃபோர்னியாவிலிருந்து திரும்பி வரும் ஒருவர் அதன் கணக்கைப் பிரித்துக் காட்டுகிறார். 800 பேர் வேண்டும் என்பவன் 5,000 நோட்டீஸ் அடிக்கிறான். அதை 20,000 பேர் பார்க்கிறார்கள். இரண்டு மூவாயிரம் பேர் கிளம்பிப் போகிறார்கள். 800 வேலைக்கு அத்தனை பேர் வாசலில் நின்றால் கூலி என்ன ஆகும்? அதைச் சொல்கிறவர் பட்டினியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தைப் பாருங்கள். நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை. நோட்டீஸ் மறுபடி பைக்குள் போகிறது.

பத்து சென்ட் ரொட்டி

இந்தக் காட்சிக்கு நான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். படத்தில் எனக்குப் பிடித்தது இதுதான்.

நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டிரைவர்கள் சாப்பிடும் ஒரு சின்னக் கடை. ஜோட் குடும்பத்து அப்பா, வாண்டுகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு உள்ளே வருகிறார். தொப்பி கையில். ரொட்டி ஒன்று விலைக்குக் கிடைக்குமா என்று கேட்கிறார். இது மளிகைக்கடை இல்லை, சாண்ட்விச் வேண்டுமானால் வாங்கிக்கொள் என்கிறாள் கடைப்பெண். முடியாதம்மா, ரொட்டிதான் வேண்டும், பத்து சென்ட்டுக்குள் முடித்தாக வேண்டும் என்கிறார். பாட்டிக்குப் பல் இல்லை, தண்ணீரில் ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பெண் முகத்தைச் சுளிக்கிறாள். உள்ளே அடுப்படியில் நிற்கும் ஆள் ரொட்டியைக் கொடு என்று உறுமுகிறான்.

எடுத்துத் தருகிறாள். விலை 15 சென்ட். அப்பா விட்டுத்தரவில்லை. அதில் பத்து சென்ட்டுக்கு வெட்டித் தர முடியுமா என்று கேட்கிறார்! முழுசாகக் கொடுத்துத் தொலை என்று அடுப்படியிலிருந்து மறுபடி குரல். சும்மா வாங்க இவருக்கு மனசில்லை, பத்து சென்ட்டுக்குத்தான் வேண்டும் என்று நிற்கிறார். இதையே பத்து சென்ட்டுக்கு எடுத்துக்கொள் என்று சமாதானம் செய்து கொடுக்கிறார்கள்.

இங்கேயே முடித்திருந்தால் சாதாரண இரக்கக் காட்சி. காசை எடுக்கும்போது அப்பா தன் பிள்ளைகளைக் கவனிக்கிறார். கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் மிட்டாயை இரண்டும் வெறித்துக்கொண்டிருக்கின்றன. அது ஒரு சென்ட் மிட்டாயா என்று தயங்கிக் கேட்கிறார். சற்று முன் சிடுசிடுத்த அதே பெண், குனிந்து பார்த்துவிட்டு, ஒரு சென்ட்டுக்கு இரண்டு என்கிறாள். வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அவர்கள் போனதும் அங்கே உட்கார்ந்திருந்த டிரைவர் சொல்கிறான், அது ஒன்று ஐந்து சென்ட் மிட்டாய் ஆயிற்றே. உனக்கென்ன வந்தது என்கிறாள். டிரைவர்கள் சாப்பிட்டதற்குக் காசை வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். மிச்சச் சில்லறை இருக்கிறதே என்று இவள் கூப்பிட்டால், இவள் சொன்ன பதிலையே அவர்கள் இவளுக்குத் திருப்பிச் சொல்கிறார்கள்.

படத்தை நிறுத்திவிட்டுக் கணக்குப் போடுங்கள். ரொட்டியில் 5 சென்ட், மிட்டாயில் 9 சென்ட், ஆக 14 சென்ட் அந்தக் குடும்பத்தின் பக்கம் வந்திருக்கிறது. ரொட்டியில் விட்டுக்கொடுத்தது அப்பாவுக்குத் தெரியும், அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. மிட்டாய் விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது. பிச்சை என்று தெரிந்தால் வாங்க மாட்டார் என்பது அந்தப் பெண்ணுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. வயலின் அழவில்லை. காட்சி ஐந்து நிமிடம்கூட இருக்காது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, பாலைவனத்தைக் கடப்பதற்கு முன் பெட்ரோல் போடும் இடம். வெள்ளை உடுப்பு போட்ட இரண்டு பையன்கள், லாரி நகர்ந்ததும் பேசிக்கொள்கிறார்கள். இந்த ஓக்கிகளுக்கு அறிவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை, மனுஷனாக இருந்தால் இப்படி வாழ்வானா என்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபோர்ட் எதையும் விளக்கவில்லை, நாம்தான் இரண்டையும் கோத்துக்கொள்ள வேண்டும்.

பென்சிலைக் கீழே வைக்க வேண்டிய காட்சி

எல்லாவற்றையும் காசில் அளக்க முடியாது என்பது ஃபோர்டுக்குத் தெரியும். ஊரை விட்டுக் கிளம்பும் விடியற்காலையில், அம்மா தனியாக அடுப்பின் முன் உட்கார்ந்து ஒரு பெட்டியைத் துழாவுகிறாள். நியூயார்க்கிலிருந்து யாரோ அனுப்பிய தபால் அட்டை. டாமுக்குத் தண்டனை கிடைத்த செய்தி வந்த பேப்பர் துண்டு. 1904இல் செயின்ட் லூயிஸில் நடந்த பொருட்காட்சியில் வாங்கிய சின்னப் பீங்கான் நாய். சிலவற்றைத் தீயில் போடுகிறாள். அப்புறம் ஒரு ஜோடிக் காதணி. காதருகே பிடித்துக்கொண்டு மங்கலான கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறாள். வசனம் கிடையாது. அக்கார்டியனில் ‘ரெட் ரிவர் வேலி’ என்ற நாட்டுப்பாடல் மெட்டு மட்டும். அந்தப் பாட்டைக் காதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் டாம் அம்மாவோடு ஆடும்போது அதையே பாடுவான்.

பாதியில் ஒரு டீ

தாத்தாவை வழியிலேயே புதைத்துவிட்டு, பாலைவனத்தைத் தாண்டி, பசுமையான பள்ளத்தாக்கு கண்ணில் படும் இடம்வரை ஓடினால் ஏறக்குறைய பாதிப் படம். ஒரே மூச்சில் பார்க்க முடியாதவர்கள் அங்கே நிறுத்தலாம். தாத்தாவின் உடலோடு டாம் ஒரு துண்டுச்சீட்டு எழுதி வைப்பான், இவரை யாரும் கொல்லவில்லை, சவ அடக்கத்துக்குக் காசில்லாததால் நாங்களே புதைத்தோம் என்ற பொருளில். தாளில் அதையும் ஒரு வரியாக எழுதுங்கள், தொகை: இல்லை. பாட்டியின் விஷயத்தைச் சொல்ல மாட்டேன். சோதனைச் சாவடியில் அம்மாவின் முகத்தை மட்டும் கவனியுங்கள்.

பீச் பழத் தோட்டமும் முகாமும்

இரண்டாம் பாதியில் மூன்று இடங்கள். முதலில் ஹூவர்வில். லாரி உள்ளே நுழையும்போது கேமராவும் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும், அங்கிருக்கும் ஜனங்கள் நேராக நம்மைப் பார்த்தபடி ஒதுங்கி வழிவிடுவார்கள். அடுத்து, வேலி போட்டுக் காவல் வைத்த கீன் தோட்டம். பீச் பழம், பெட்டிக்கு 5 சென்ட். குடும்பமே சேர்ந்து ஒரு டாலர் சம்பாதித்துச் சாப்பிட உட்கார்கிறது, வயிறு நிரம்பவில்லை. இவ்வளவுதானா என்றால், ஒரு டாலருக்கு இவ்வளவுதான் என்கிறாள் அம்மா. தோட்டத்துக் கடையில்தான் வாங்கியாக வேண்டும், அங்கே விலை கூடுதல். ஆக, கொடுத்த கூலியில் ஒரு பங்கை அதே கை திருப்பி வாங்கிக்கொள்கிறது. ராத்திரி, வேலிக்கு வெளியே கூடாரத்தில் கேசியைப் பார்க்கும்போதுதான் டாமுக்கு விஷயம் விளங்குகிறது. வெளியே வேலைநிறுத்தம். அவர்களுக்கும் 5 சென்ட் என்று சொல்லித்தான் அழைத்தார்களாம், வந்து சேர்ந்ததும் இரண்டரை சென்ட்டாம். வேலைநிறுத்தம் உடைந்த மறுநாள் உங்களுக்கும் இரண்டரைதான் என்கிறார். உங்கள் தாளில் 5ஐ அடித்துவிட்டு 2.5 என்று எழுதும் இடம் சீக்கிரமே வரும்.

மூன்றாவது, அரசாங்கம் நடத்தும் முகாம். வாரத்துக்கு ஒரு டாலர் வாடகை, காசில்லாவிட்டால் குப்பை அள்ளிக் கழித்துக்கொள்ளலாம். போலீஸ் வாரண்ட் இல்லாமல் நுழைய முடியாது. வாண்டுகள் இரண்டும் வாழ்க்கையில் முதல்முறையாக ஃப்ளஷ் கழிவறையைப் பார்த்து, தண்ணீர் சத்தம் வந்ததும் உடைத்துவிட்டோம் என்று பயந்து ஓடும். இது கற்பனை முகாம் இல்லை. கலிஃபோர்னியாவில் ஆர்வின் பக்கத்தில் வீட்பேட்ச் என்ற முகாம் இருந்தது, அதன் மேலாளர் டாம் காலின்ஸ்தான் ஸ்டைன்பெக்குக்கு விவரங்கள் கொடுத்தவர். நாவலின் சமர்ப்பணத்தில் அவரும் உண்டு, படத்துக்கு ஆலோசகராகவும் இருந்தார். இருந்தாலும் படத்து முகாம் கொஞ்சம் அதிகமாகவே வெள்ளை அடித்தது மாதிரி எனக்குத் தோன்றும். வெள்ளை உடையில் மூக்குக்கண்ணாடியோடு வரும் பொறுப்பாளர், அப்போதைய குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டை நினைவுபடுத்துவது தற்செயலாக இருக்காது.

முடிவு இரண்டு

நாவலைப் படித்தவர்கள் ‘முடிவை மாற்றிவிட்டார்கள்’ என்று குறைப்படுவதைக் கேட்பீர்கள். நாவலில் நல்ல முகாம் முதலில், பீச் தோட்டம் பிறகு, கடைசியில் வெள்ளம். படத்தில் திரைக்கதை எழுதிய நன்னலி ஜான்சன் வரிசையை மாற்றிவிட்டார், தோட்டம் முதலில், முகாம் கடைசியில். அதனால் நாவலில் இறங்கிக்கொண்டே போகும் கதை, படத்தில் சற்று ஏறி நிற்கிறது. நாவலின் கடைசிக் காட்சியை 1940இல் எந்த ஸ்டூடியோவும் எடுத்திருக்க முடியாது, தணிக்கை விட்டிருக்காது. அது என்ன என்று கேட்காதீர்கள், படித்துக்கொள்ளுங்கள்.

படத்துக்குள்ளேயும் இரண்டு முடிவு இருக்கிறது. அம்மாவிடம் விடைபெற்று டாம் போகிறான். சிறையிலிருந்து வந்தபோது பிள்ளைக்குக் கைகொடுத்து வரவேற்றவள் அம்மா. நமக்கு முத்தம் கொடுக்கிற வழக்கம் இல்லை என்று இப்போதும் சொல்கிறாள், ஆனால் இந்தத் தடவை கையோடு விடவில்லை. பிறகு, விடிகிற வானத்தின் கீழ் ஒரு சிறு கறுப்பு உருவமாக டாம் மேட்டில் ஏறிப்போகிறான். ஃபோர்டின் படம் அதோடு முடிந்தது. தயாரிப்பாளர் டேரில் ஜானக் அதன் பிறகு லாரியில் அம்மா பேசும் காட்சியைச் சேர்த்தார், நாம்தான் ஜனங்கள், நம்மை யாரும் துடைத்துவிட முடியாது என்று. ஜனங்களிடையே மிகவும் பேர் வாங்கிய இடம் இது. என் கட்சி டாமின் மேடுதான். இரண்டையும் பாருங்கள், டாம் மறைந்ததும் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு அப்புறம் தொடருங்கள், நீங்கள் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். கலிஃபோர்னியாத் தோட்டங்களில் ஓக்கிகளுக்கு முன்பும் அவர்களோடும் பழம் பறித்தவர்கள் மெக்சிகோக்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், ஜப்பானியர்கள். 1930களில் மெக்சிகோ வம்சாவளியினரைப் பெரிய அளவில் நாட்டை விட்டே அனுப்பினார்கள். படத்தில் இவர்கள் யாரும் இல்லை. இந்தத் துயரம் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றுக்கு வந்த பிறகுதான் படமாயிற்று என்பதை மறக்காமல் பார்ப்பது நல்லது. அப்படியும் அது சும்மா வந்துவிடவில்லை. 1939 ஆகஸ்டில் தோட்டக்காரர்கள் செல்வாக்கு கொடிகட்டிப் பறந்த கெர்ன் மாவட்டத்தில் நாவலை நூலகங்களிலும் பள்ளிகளிலும் தடை செய்தார்கள். படப்பிடிப்பைக்கூட ‘ஹைவே 66’ என்ற பொய்ப் பெயரில் நடத்தினார்கள்.

பார்த்த பிறகு

மறுநாள் டொரோதியா லேங் எடுத்த புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். 1936இல் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் முகாமில் பிள்ளைகள் தோளில் முகம் புதைத்திருக்க, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் தாயின் படம் எங்கேயாவது கண்ணில் பட்டிருக்கும். அரசாங்கத்துக்காக எடுத்தவை அவை. படத்து முகங்கள் எங்கிருந்து வந்தன என்பது புரியும். நாவல் பெரியது, அவசரப்படாமல் படிக்கலாம்.

நாவலைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை. படத்தின் முதல் ஐந்து நிமிடத்தை மறுபடி போடுங்கள். நாற்சந்தியில் தனியாக நடந்து வரும் டாம், லாரி ஓட்டுகிறவனிடம் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறான். ஸ்டிக்கரைப் பார்க்கவில்லையா, யாரையும் ஏற்றக் கூடாது என்று ஒட்டியிருக்கிறதே என்கிறான் அவன். முதலாளி எவனோ ஒட்டச் சொன்னதை நல்லவன் கண்டுகொள்ள மாட்டான் என்கிறான் டாம். டிரைவர் ஒரு கணம் யோசித்துவிட்டு ஏற்றிக்கொள்கிறான். முதல்முறை பார்த்தபோது இது உங்கள் தாளில் ஏறியிருக்காது. டிராக்டர்காரனின் மூன்று டாலருக்கு மேலே இடம் விட்டிருந்தால் அங்கே எழுதிக்கொள்ளுங்கள்: லாரிக் கட்டணம், பூஜ்யம்.